இல்லத்தில் நிர்வாகம் கண்ட லில்லியன் அம்மையார்

நிர்வாகம் என்பது ஆலைகளுக்கே உரியது என்று நாம் எண்ணுகிறோம். அதனை இல்லத்திலும் கையாண்டு காட்டியவர் அமெரிக்கப் பெண்மணி லில்லியன் கில்பிரெத்.

1878இல் கலிபோர்னியாவில் பிறந்த அம்மையார், 1904இல் பிராங்க் கில்பிரெத்தை மணந்தார். உழைப்பவரின் வீண் அசைவுகளையும் அயர்வையும் குறைக்கும் வழிகளை இருவரும் ஆராய்ந்தனர். பன்னிரு மக்களைப் பெற்று, ஒரு மகளை இளமையிலேயே இழந்தனர். குடும்ப அவை கூடி வீட்டுவேலைகளைப் பகிர்ந்தளித்தது. முடித்த கடமைகளைப் பிள்ளைகளே அட்டவணையில் குறித்தனர்.

1924 ஜூனில் கணவர் திடீரென மறைந்தார். பதினொரு மக்களைக் காக்கும் பொறுப்பு அம்மையாருடையதாயிற்று. நிறுவனங்களோ ஒரு பெண்ணிடம் ஆலோசனை பெறத் தயங்கின. அவர் தளரவில்லை. சில நாட்களிலேயே கணவர் செல்லவிருந்த ஐரோப்பிய மாநாடுகளுக்குப் புறப்பட்டார். பழகிய ஒழுங்கின் துணையால் பிள்ளைகள் வீட்டுப் பொறுப்பை ஏற்றனர்.

பின்னர் அவர் சமையலறையை ஆராய்ந்தார். அடுப்பும் மேடையும் பொருள்களும் அருகருகே, உரிய உயரத்தில் அமைந்தால் நடையும் களைப்பும் குறையும் என்று காட்டினார். 1935இல் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1972இல் தமது 93ஆம் அகவையில் மறைந்தார்.

நம் இல்லங்களில் சுமை முழுவதும் ஒருவர் தோளிலேயே உள்ளதா? வேலையைப் பகிர்வோம், மிஞ்சும் நேரத்தில் குடும்பத்தோடு கூடியிருந்து மகிழ்வோம்.