தொழிலாளருக்குப் பாடம் சொன்ன ஹக்ஸ்லி

பீங்கானுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது. அங்கே கிடைத்த, கல்லாகிப் போன சிப்பிகளை ஆராய்ந்து 1846-ல் எழுதியவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். 1854-ல் அவர் லண்டன் சுரங்கக் கல்லூரியை விட்டுச் சென்றதும், அந்த வேலைக்கு வந்தவர்தான் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி.

1825-ல் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். ஆனாலும் வீட்டில் வறுமை. மகன் பள்ளிக்குப் போனது இரண்டே ஆண்டுகள். மற்றதைத் தாமே படித்தார். ஜெர்மன் மொழியையும் தாமே கற்றார். பிறகு கப்பல் வைத்தியரின் உதவியாளராகச் சென்று, ஆஸ்திரேலியக் கடலில் வாழும் உயிர்களை ஆராய்ந்தார்.

உயிரினங்கள் சிறிது சிறிதாக மாறி வந்தவை என்று 1859-ல் டார்வின் நூல் எழுதினார். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. டார்வினோ நோயாளி. அவருக்காக 1860-ல் ஆக்ஸ்போர்டு சபையில் பாதிரிமார் தலைவரை எதிர்த்து வாதாடினார் ஹக்ஸ்லி.

அறிவு படித்தவர்களுக்கு மட்டும் சொந்தமா? இல்லை என்றார் அவர். தொழிலாளர்களைக் கூட்டிப் பாடம் சொன்னார். 1868-ல் நார்விச் நகரில், ஒரு சுண்ணாம்புக் கட்டியை வைத்தே பூமியின் கதையைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் ஓடுகளே அந்தச் சுண்ணாம்பு என்று விளக்கினார்.

1870-ல் லண்டன் கல்விச் சபை உறுப்பினராகி, ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு உழைத்தார். 1895-ல் மறைந்தார். இரண்டே ஆண்டுகள் பள்ளி கண்டவர், பல்லாயிரம் பேருக்கு ஆசானானார்!