வெள்ளி நாவு படைத்த சாஸ்திரியார்

வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் 1869-ல் பிறந்தவர் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். ஆங்கிலம் பயின்றது சீமையிலல்ல, கும்பகோணம் காலேஜில்தான்! திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியராயிருந்தவர். உச்சரிப்பில் வெகு கறார்.

1927-ல் இந்தியாவின் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். இந்தியரைக் கூலிகள் என்று ஏசிய வெள்ளையரே அவர் பேச்சைக் கேட்கக் கூடினார்கள். 1928-ல் கிளெர்க்ஸ்டார்ப்பில் முரடர்கள் கூட்டத்தில் கலகம் விளைவித்ததும் உண்டு. அங்கே நம்மவர் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வசதி போதாதது அவரை வாட்டியது. பேசிப் பேசியே அங்குள்ள இந்தியரிடம் பணம் திரட்டினார். டர்பனில் சாஸ்திரி காலேஜ் எழுந்தது; பெயர்தான் காலேஜ், நடந்தது ஹைஸ்கூலும் ஆசிரியர் பயிற்சியும். ஆசிரியர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறினார்கள்.

காந்திஜி சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தவரும் இவரே. பெயர் வெளியிடச் சம்மதிக்கவில்லை. 1946-ல் காலமானார்.