ஐடா ஸ்கடர் அம்மையார்

நோயுற்றாரைக் குணப்படுத்துதல் நற்செயல். அந்நற்செயலைத் தமக்குப் பின்னரும் செய்யவல்ல பலரை உருவாக்கித் தருதலோ அதனினும் பெருஞ்செயல். தாய்மாரையும் சேய்களையும் காக்கும் பணியில் இவ்விரண்டையும் ஒருங்கே செய்தவர், வேலூரில் வாழ்ந்த ஐடா ஸ்கடர் அம்மையார் ஆவார்.

ஐடா, 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அமெரிக்கர். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, இலங்கையிலும் பின்னர்த் தமிழகத்திலும் சமயத் தொண்டும் மருத்துவத் தொண்டும் புரிந்தவர். தந்தையாரும் மருத்துவரே. ஆயினும், ஐடாவுக்கு அத்தொண்டில் நாட்டம் இல்லை. சிறு வயதில் கண்ட பஞ்சத்தின் கொடுமை அவர் நெஞ்சை வாட்டியிருந்தது. அமெரிக்காவில் கல்வி கற்று, அங்கேயே இனிது வாழ அவர் விரும்பினார்.

தாயார் நோயுற்றமையால், 1890ஆம் ஆண்டில் அவருக்குத் துணையாக இருக்க ஐடா திண்டிவனம் வந்தார். அங்கு ஓர் இரவு, அந்தண இளைஞர் ஒருவர் வந்து, தம் இளம் மனைவி மகப்பேற்றுத் துன்பத்தில் வருந்துவதாகக் கூறி, ஐடாவை உதவிக்கு அழைத்தார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையாரை அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்த்தல் வழக்கமன்று எனக் கூறி, இளைஞர் வருத்தத்துடன் திரும்பினார். சற்று நேரத்தில் இசுலாமியர் ஒருவரும், அவரை அடுத்து மற்றோர் இந்துவும் இதே வேண்டுகோளுடன் வந்தனர். அவர்களும் ஆண் மருத்துவரை ஏற்க மறுத்துச் சென்றனர். பொழுது விடிந்தது. பெண்கள் மூவரும் இறந்துபட்ட செய்தி வந்தது. மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது, ஆனால், மருத்துவம் கற்ற பெண் ஒருவர் இல்லை. அக்குறையால் மூன்று உயிர்கள் மாய்ந்ததை எண்ணி ஐடா கலங்கினார். தாமே மருத்துவராகித் திரும்பி வருவதென உறுதி பூண்டார்.

1895ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிலிருந்த மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க்கு நகரில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது, அங்குச் சென்று பயின்று, 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மருத்துவமனை கட்டுவதற்காகச் செல்வர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன் இந்தியா திரும்பினார். 1900ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். துயரைத் தாங்கிக்கொண்டு, வேலூரில் ஒரே கட்டிலுடன் தம் பணியைத் தொடங்கினார் ஐடா. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளர் அவரை நாடி வந்தனர். 1902ஆம் ஆண்டில் 40 படுக்கைகள் கொண்ட மகளிர் மருத்துவமனை எழுந்தது.

நோயாளர் கூட்டம் நாள்தோறும் பெருகிற்று. அம்மையார் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் சிற்றூர்களுக்குச் சென்று, சாலையோர மரநிழலில் காத்திருந்தவர்களுக்கு மருத்துவம் செய்தார். ஒருவர் ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தானே இருத்தல் கூடும்? ஓரூரில் பிள்ளைப்பேறு பார்க்கும்போது, மற்றோர் ஊரில் ஒரு தாய் உதவியின்றி உயிர் நீப்பாள். ஊர் மருத்துவச்சியர் அனுபவம் உடையவரே. ஆயினும், குழந்தை குறுக்கே கிடந்து தடைப்படும்போது செய்வது இன்னதென அவர்கள் கற்றிலர். தூய்மையற்ற கையாலும் கருவியாலும் நோய் தொற்றும் என்பதையும் அறிந்திலர். ஆதலின், இந்நாட்டுப் பெண்களையே பயிற்றுவித்தல் ஒன்றே வழி என அம்மையார் தெளிந்தார்.

அப்பணியை அவர் படிப்படியாகச் செய்தார். 1903ஆம் ஆண்டில் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டர் பயிற்சியைத் தொடங்கினார். 1909ஆம் ஆண்டில் செவிலியர் பள்ளியை நிறுவினார். நோயாளரைத் தொட்டுப் பணி செய்தல் இழிவெனப் பலர் கருதிய காலம் அது. இரவெல்லாம் விழித்திருந்து நாடி பார்த்தலும், கருவிகளைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்தலும் உயிர் காக்கும் உயர்கலை என்பதை அச்செவிலியர் தம் செயலால் உணர்த்தினர்.

அடுத்துப் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஒன்று நிறுவ அம்மையார் விழைந்தார். சென்னை மாகாண மருத்துவத் தலைவர், இந்நாட்டுப் பெண்கள் மருத்துவம் கற்க முன்வருவரோ என ஐயுற்றார். அறுவரேனும் விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்றார். விண்ணப்பங்களோ அவர் எண்ணியதைவிடப் பன்மடங்கு வந்தன. 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் பள்ளி திறக்கப்பெற்றது. கட்டடமும் கருவிகளும் போதாத நிலையில், அம்மையாரே ஆசிரியராகவும் இருந்தார். முதலாண்டுத் தேர்வில் மாணவியர் அனைவரும் வெற்றி பெற்றனர். ஐயுற்றோர் வியந்தனர். 1922ஆம் ஆண்டில் 14 பெண்கள் மருத்துவராக வெளிவந்தனர்.

இருபது ஆண்டுகள் வளர்ந்த பள்ளிக்கு 1938ஆம் ஆண்டில் பேரிடர் நேர்ந்தது. இனி மருத்துவப் பட்டயப் படிப்புக்கு இடமில்லை. பல்கலைக்கழகப் பட்டப் படிப்பே வேண்டும் என அரசு விதித்தது. அதற்கு உயர்பட்டம் பெற்ற பேராசிரியர் பலரும் பெரும் பொருளும் தேவை. இல்லையேல் பள்ளியை மூடுதல் வேண்டும். அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்று, நகர்தோறும் அலைந்து பொருள் திரட்டினார். பெண்களுக்கெனத் தோன்றிய நிலையத்தில் ஆண்களையும் சேர்ப்பதா என்னும் வழக்கு எழுந்தது. நெடுநாள் நண்பர் சிலர் அதனை எதிர்த்தனர். அவர்கள் மனக்கசப்பு அம்மையாரை வருத்தியது. எனினும், நிலையம் நிலைத்தால்தான் பெண்கள் தொடர்ந்து மருத்துவம் கற்றல் கூடும் என்பதை உணர்ந்து, அம்மாற்றத்தை அவர் ஏற்றார். 1942ஆம் ஆண்டில் பட்டப் படிப்புத் தொடங்கியது. 1947ஆம் ஆண்டில் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். இந்தியாவில் செவிலியர்க்கு முதன்முதல் பட்டப் படிப்பு அளித்த கல்லூரிகளுள் வேலூர்க் கல்லூரியும் ஒன்றாயிற்று.

1946ஆம் ஆண்டில் அம்மையார் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். இந்தியா விடுதலை பெற்ற பின்னர், மகப்பேற்று மருத்துவத்தில் புகழ் பெற்ற இந்தியப் பெண்மணியாகிய ஹில்டா லாசரஸ் அம்மையார் அந்நிலையத்தின் தலைமையை ஏற்றார். தாம் வளர்த்த நிலையத்தை இந்நாட்டார் நடத்துவதை ஐடா கண்ணாரக் கண்டார். 1960ஆம் ஆண்டு மே திங்களில், கொடைக்கானலில் தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

மூன்று தாய்மாரைக் காக்க இயலாத இளம்பெண்ணாக இருந்தவர், எண்ணற்ற தாய்மாரைக் காக்கும் செவிலியரும் மருத்துவரும் தோன்ற வழிகோலினார். கற்ற கலையைத் தம்மோடு நிறுத்தாமல், பிறர் கையிலும் ஒப்படைத்தவர் அவர். தாயும் சேயும் நலமாக வீடு திரும்பும் இல்லங்களில் எல்லாம் அம்மையாரின் தொண்டு வாழ்கின்றது.