தஞ்சை வடிவேலுவும் தந்த வயலினும்

கச்சேரி மேடையில் பாடகரின் அருகே பிடிலைக் காணாதார் இல்லை. திருவிழாப் பந்தலிலும் வானொலியிலும் அதன் நாதத்தைக் கேட்டே வளர்ந்த நாம், அது ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த கருவி என்பதையே மறந்துவிட்டோம். அதனைத் தமிழர் இசைக்கு உரியதாக ஆக்கியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் தஞ்சை வடிவேலு. அவர் பெரும்புகழ் எய்தியது, நம் தேங்காய்ப்பட்டணமும் அந்நாளில் அடங்கியிருந்த திருவிதாங்கூர் அரசில் ஆகும்.

வடிவேலு 1810-இல் பிறந்தார். தந்தையார் சுப்பராயன், நட்டுவனார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம் ஆகிய மூவரும் தமையன்மார். கோயிலிலும் அரசவையிலும் ஆடுவோருக்கு ஆட்டம் பயிற்றுவிப்பது அக்குடும்பத்தின் வழிவழித் தொழில். இந்நால்வரையே தஞ்சை நால்வர் என உலகம் போற்றுகிறது. அன்று சதிர் என வழங்கிய ஆடலை அலாரிப்பு முதல் தில்லானா வரை வரிசைப்படுத்தி அமைத்தவர்கள் இவர்களே. இன்று பரதநாட்டியம் பயிலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பின்பற்றுவது அந்த வரிசையைத்தான். அதனை ஆக்கித் தந்த குலத்தாருக்குச் சமூகம் அளித்த மதிப்போ மிகச் சிறிது.

நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றனர். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, சென்னையில் வெள்ளையரின் வாத்தியத்தைக் கேட்டு முன்னரே வயலின் கற்றவர். வடிவேலுவுக்கு அதனைக் கற்பித்தவர் சுவார்ட்ஸ் பாதிரியார் எனச் சிலர் எழுதிவிட்டனர். அது பொருந்தாது. அப்பாதிரியார் 1798-இலேயே, வடிவேலு பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, காலமானார்.

இக்கருவி நம் இசைக்கு எவ்வாறு இசைந்தது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். வீணையின் நாதம் மீட்டியவுடன் தேய்ந்து அடங்கும். வில்லால் இழுக்கப்படும் வயலினோ மனிதக் குரலைப் போல நீண்டு ஒலிக்கும். அதில் மெட்டுகள் இல்லாமையால் விரல் தடையின்றி வழுக்கிச் சென்று கமகங்களைக் காட்டும். ஐரோப்பியர் அதனைத் தோளில் தாங்கி நின்று வாசிப்பர். நம்மவரோ தரையில் அமர்ந்து, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையை வலக்காலின் கணுவிலும் சார்த்திக் கொண்டனர். இடக்கைக்குக் கருவியைத் தாங்கும் வேலை நீங்கியது. தந்திகளையும் சட்சம், பஞ்சமம் என நம் முறைப்படி சுருதி கூட்டினர். வந்ததை வந்தபடியே ஏற்காமல், தம் தேவைக்கு வளைத்துக் கொண்ட அறிவுடைமையை இங்கே நாம் காண்கிறோம்.

தஞ்சை அவையோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் சகோதரர்கள் ஊரை விட்டு வெளியேறினர். 1829-இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சுவாதித் திருநாள் அவர்களைத் திருவனந்தபுரத்தில் வரவேற்றார். மன்னர் வடிவேலுவினும் மூன்றாண்டு இளையவர். தாமே சாகித்தியங்கள் இயற்றியவர். பின்னர் சின்னையா மைசூருக்கும், மற்றிருவர் தஞ்சைக்கும் செல்ல, வடிவேலு அங்கேயே தங்கினார். வர்ணங்கள் அமைத்தார், மோகினியாட்டம் சீர்பெறத் துணை நின்றார். அவர் வயலினில் மயங்கிய மன்னர் 1834-இல் யானைத் தந்தத்தால் இழைத்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். தஞ்சையிலுள்ள அவர் வழியினர் அதனைப் பேணிக் காத்தனர்.

இவ்விடத்தில் நம் முன்னோரையும் நினையாதிருக்க இயலவில்லை. அதே 1834-இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்று, இரண்டாண்டுகளில் அரசரின் இலவசப் பள்ளியாயிற்று. இலவசம் என்ற சொல் நம்மவர் பிள்ளைகளை உள்ளடக்கியதன்று. அரசுப் பள்ளியின் வாயிலில் அவர்கள் கால்வைக்க, இருபதாம் நூற்றாண்டில் அய்யங்காளி போராட வேண்டியிருந்தது. 1836-இல் எடுக்கப்பெற்ற குடிக்கணக்கு, திருவிதாங்கூரில் 1,64,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்ததைக் காட்டுகிறது. எட்டுப் பேருக்கு ஒருவர் என்னும் அளவு அது. அவர்கள் உழுத வயலின் நெல்லால் நிறைந்த கருவூலமே அந்த அவைக்களத்தையும் நடத்தியது. தந்த வயலின் ஒலித்த மண்டபம் இருக்கட்டும். மேல்சாதியார் நடந்த பெருவழிகூட அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

வடிவேலுவின் புகழைக் குறைக்க இதனைச் சொன்னோம் அல்லோம். அவர் நம் குலத்தவர் அல்லர். எனினும் பிறப்பால் பணியாளர் என ஒதுக்கப்பட்டு, வித்தையால் மன்னனுக்கு அருகே அமர்ந்தவர். வயலினைக் கொணர்ந்த கப்பல்கள் வேறொன்றையும் கொணர்ந்தன. மயிலாடியில், ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த மகராசன் வேதமாணிக்கத்தின் முயற்சியால் வந்த ரிங்கல்தௌபே பாதிரியார் 1809-இல் ஆலயம் எழுப்பினார். அடுத்துப் பள்ளியும் வந்தது. தஞ்சைக் கலைஞர் கடல்கடந்து வந்த கருவியைக் கைக்கொண்டார். நம் முன்னோர் எழுத்தைக் கைக்கொண்டனர். எழுத்தைக் கைக்கொண்டதற்காக அவர்கள் பட்ட அடிகள் பல.

சுவாதித் திருநாள் 1846-இல், முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். வடிவேலுவும் நாற்பதை எட்டவில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் அரச விளம்பரம், மன்னர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1855-இல்தான் வெளிவந்தது.