கரையிருப்பிலிருந்து ஒரு யாத்திரை

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. தந்தையார் சங்கர நாராயண பிள்ளை; தாயார் தெய்வநாயகி அம்மை. வைணவ நெறியில் ஊன்றிய வேளாளர் குடும்பம். தந்தையார் கம்பனில் தோய்ந்தவர். அந்தி வேளையில் அவ்வீட்டில் இராமாயணம் ஓதப்படும்; பொருள் சொல்லப்படும். எழுத்து அறியும் முன்பே அப்பிள்ளையின் செவி விருத்தத்தின் நடையை அறிந்துவிட்டது. பின்னாளில் அவர் வாழ்வில் மாறியவை பல. மாறாது நின்றது அந்தச் செவி ஒன்றே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இலக்கிய வரலாற்று நூல்களில் இவருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் இரண்டு வரிதான். கிறித்தவக் கம்பர் எனப் பாராட்டப்பெற்றவர், இரட்சணிய யாத்திரிகம் இயற்றியவர் என்பதோடு அது முடியும். மாணவியாக இருந்த நாளில் நானும் அவ்விரண்டு வரிகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவளே. கற்பிக்கும் நிலைக்கு வந்தபின்தான், ஒரு வைணவக் கவி எவ்வாறு கிறித்தவக் கவி ஆனார் என்று வகுப்பில் ஒரு மாணவி எழுப்பிய வினா என்னை நூலின்பால் செலுத்தியது. அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை.

இளமையில் அவர் கிறித்தவத்தை வெறுத்தவர். அக்காலத் திருநெல்வேலிச் சீமையை நினைவிற் கொண்டாலன்றி அவ்வெறுப்பு விளங்காது. மிஷனெரிமாரின் பணியால் ஊர் ஊராக மக்கள் திருச்சபையிற் சேர்ந்தனர், அதற்கு எதிராக 1840-களில் விபூதிச் சங்கம் எழுந்தது, ஊர்கள் பகைத்தன. கோயிலும் நிலமும் கல்வியும் தம் கையில் இருந்த வேளாளர்க்கு இப்புதுச் சமயம் தம் உலகைக் குலைக்க வந்ததாகவே பட்டது. அவ்வுலகின் மகனாகவே கிருஷ்ண பிள்ளையும் வளர்ந்தார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இலக்கண இலக்கியம் பயின்றார். தமிழ் அவருக்குச் சோறும் ஆயிற்று, செருக்கும் ஆயிற்று.

அச்செருக்கே அவரை எதிரியின் வாயிலுக்கு இட்டுச் சென்றது எனலாம். சாயர்புரத்தில் ஜி. யு. போப் வளர்த்த கல்விக்கூடத்துக்குத் தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். 1853-இல் அப்பணி கிருஷ்ண பிள்ளைக்குக் கிடைத்தது. அகவை இருபத்தாறு. நெற்றியில் திருமண்ணோடு வகுப்பில் நின்று, கிறித்தவ மாணவர்க்கு நன்னூலும் குறளும் கற்பித்து, மாலையில் தம் பூசைக்குத் திரும்பிய ஆசிரியரை மனக்கண்ணில் காணுங்கள். வேலை வேறு, நம்பிக்கை வேறு எனப் பிரித்து வாழ எண்ணியவர் அவர். சொல்லோடு வாழ்பவனால் அவ்வாறு நெடுநாள் பிரித்து வாழ இயலுமா என்பது கவிஞர்களாகிய நீங்கள் அறியாததன்று.

அங்கேதான் வேதநூலும் சமய நூல்களும் அவர் கைக்கு வந்தன. மாற்றம் ஒரே நாளில் நேர்ந்ததன்று. அவரைக் கலக்கியது தத்துவ வழக்கு எதுவும் அன்று. தம் பாவம் தீருமா என்ற அச்சமே. தாம் கிறித்தவரான வரலாற்றைப் பிற்காலத்தில் அவரே உரைநடையில் எழுதி வைத்தார். அதில் வெளிப்படும் மனிதர் வாதத்தில் தோற்றவராகத் தோன்றவில்லை. இரவில் உறங்க இயலாதவராகத் தோன்றுகிறார். தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தார். நண்பர் சிலரும் அவ்வழி சென்றனர். இறுதியில் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில், தாம் பிறந்த ஊருக்கு நெடுந்தொலைவில், கிருஷ்ண பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். முப்பத்தொன்று நிறைய ஐந்து நாள்களே இருந்தன.

அன்று அவருக்கு ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயர்கள் வழங்கப்பெற்றன. எனினும் கிருஷ்ண பிள்ளை என்னும் பெயர் நீங்கவில்லை. இரு பெயர்களும் எச். ஏ. என இரண்டு முதலெழுத்துகளாய்ச் சுருங்கி முன்னே நிற்க, திருமாலின் பெயரும் குலப் பெயரும் பின்னே முழுமையாக நின்றன. இதனை எவ்வாறு கொள்வது? பழைய பற்று அறவில்லை என்பார் உளர். சாதிப் பெயரை விடாமை அவர் காலத்துத் திருச்சபையின் குறையுமாகும். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் தந்தையார் இட்ட பெயரைத் துறந்தால்தான் புதிய தந்தையை அடைய முடியும் என்று அவர் கருதவில்லை என்பதும் அதனுள் அடங்கும்.

சென்னையில் பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழில் பணி; பின்னர் மீண்டும் தென்னாடு; சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி என ஆசிரியப் பணி தொடர்ந்தது. இவ்வாண்டுகளைப் பற்றி விரித்துரைக்க அதிகமில்லை. ஆசிரியர் வாழ்க்கை அத்தகையது, நாம் அறிந்ததே.

ஆனால் அவ்வாண்டுகளுக்குள்ளேதான் அவரது பெருநூல் மெல்ல வளர்ந்தது. ஜான் பனியன் ஒரு தகரத் தொழிலாளி. சமயப் பேச்சுக்காகப் பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். 1678-இல் அவர் வெளியிட்ட நூல், அழிவின் நகரை விட்டுச் சுமையோடு புறப்படும் ஒருவனின் பயணத்தைக் கனவாகச் சொல்வது. எளிய உரைநடை, அடுக்களை மொழி. அதை எடுத்துக் கம்பனின் வீட்டில் வளர்ந்தவர் விருத்தத்தில் பாடினால் என்ன ஆகும்? ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய எனப் பருவங்கள் ஐந்து; பாடல்கள் 3,700-க்கும் மேல். பயணி தமிழில் ஆத்தும விசாரி என்னும் பெயர் பெறுகிறான். தன் உயிரைப் பற்றி வினவுகிறவன் என்னும் அப்பெயரில் சாயர்புரத்து ஆசிரியரின் உறங்காத இரவுகள் இருக்கின்றன என்றே நான் வாசிக்கிறேன்.

பனியனில் இல்லாத ஒன்றை அவர் சேர்த்தார். இயேசுவின் பாடுகளை நூலின் நடுவே விரிவாகப் பாடினார். இங்குத்தான் காப்பியம் உச்சம் தொடுகிறது. குற்றமற்றவன் ஒருவன் நகரின் தெருவழியே வெளியே கொண்டு செல்லப்படுவதும், மகளிர் அழுது பின்தொடர்வதும் கம்பனைக் கேட்டு வளர்ந்த செவிக்கு அயலான காட்சிகள் அல்ல. அயோத்தி அழுததைப் பாடக் கற்ற நாவுக்கு எருசலேமின் அழுகை எளிதில் வசப்பட்டது. நூலிடையே வரும் இசைப் பாடல்களுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். வைணவராய்ப் பிறந்து கிறித்தவரானவர் தம் பாடலுக்குச் சைவத்தின் பெயரைச் சூட்டியதைக் கண்டு நான் வியந்து நின்றதுண்டு. தமிழில் இறைவனை அழைக்க இருந்த சொற்கள் அனைத்தும் தமக்கும் உரியவை என்ற உரிமை அது.

குறை இல்லாத நூல் என்று நான் சொல்லமாட்டேன். வருணனைகள் சில இடங்களில் மரபுக்காகவே நீள்கின்றன. கோட்பாட்டு விளக்கம் கவிதையை அழுத்தும் பகுதிகளும் உண்டு. பனியனின் பேச்சு வழக்கின் விறுவிறுப்பு செந்தமிழில் இழக்கப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த என் மாணவர் சிலர் பனியன் பக்கமே சாய்ந்தனர்; நான் மறுக்கவில்லை. ஆனால் பாடுகளைப் பாடும் பகுதியை உரக்கப் படித்த நாளில் வகுப்பு அமைதியாயிற்று.

நற்போதகம் இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்த பின்னர், 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது. ஞானஸ்நானத்துக்கும் அந்நூலுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள். மனம் ஒரு நாளில் திரும்பலாம். அத்திருப்பத்துக்கு உரிய மொழி கைவர அவருக்கு அத்தனை காலம் வேண்டியிருந்தது. அவருக்கு அப்போது அகவை அறுபத்தேழு. அதன் பின்னும் எழுதுகோல் ஓயவில்லை. 1898-இல் இரட்சணிய சமய நிர்ணயம், 1899-இல் இரட்சணிய மனோகரம். முன்னது உரைநடையில் வழக்காடும் நூல்; அதன் கடுமை இன்றைய வாசகர்க்கு உவப்பாக இராது. பின்னதில் வழக்காடுபவர் இல்லை. முதியவர் ஒருவர் தம் இறைவனிடம் மன்றாடுகிறார், அவ்வளவே.

அடுத்த ஆண்டு, 1900 பிப்ரவரி 3-ஆம் நாள், அவர் மறைந்தார். அவருடைய தேவாரங்கள் சில திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. பாடுவோர் பலர்க்கு அவற்றை இயற்றியவர் பெயர் தெரியாது.