பைத்தியக்காரர் என்று கேலி செய்யப்பட்ட ரிட்லி

ரப்பர் மரத்துக்காக வாழ்ந்த தாவர அறிஞர்

சிங்கப்பூருக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம், அங்குள்ள தாவரவியல் பூங்கா. 1859-ம் ஆண்டில் ஏற்பட்ட பூங்கா அது. 2015-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் அதுவும் சேர்ந்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

சிறுவர்களுக்கு என்று தனியாக ஒரு தோட்டத்தை 2007-ல் அங்கே திறந்தார்கள். அதில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. கையில் குழந்தை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் உள்ளே போக முடியாது!

சிங்கப்பூர் 5 வெள்ளி நோட்டில் ஒரு பெரிய மரத்தின் படம் இருக்கும். கிளை தாழ்ந்து படுத்தாற்போல் நீண்டு இருக்கும். அந்த மரமும் இந்தப் பூங்காவில்தான் நிற்கிறது. நோட்டையும் மரத்தையும் மாறி மாறிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

இந்தப் பூங்காவை 1888 முதல் 1911 வரை, 23 ஆண்டுகள் நிர்வகித்தவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. ஊரார் அவருக்கு வைத்த பெயர் வேறு. பைத்தியக்கார ரிட்லி!

அப்படி அவர் என்ன செய்துவிட்டார்?

22 செடிகள்

ரிட்லி 1855 டிசம்பரில் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். ஆக்ஸ்போர்டில் படித்து, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் செடி கொடிகளை ஆராயும் வேலையில் இருந்தார். 32 வயதில் கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்தார்.

அவர் வருவதற்கு முன்பே பூங்காவில் ரப்பர் மரங்கள் இருந்தன. அவை வந்த கதை பெரிய கதை.

ரப்பர் மரத்தின் தாய் நாடு தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில். அங்கிருந்து விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876-ல் சுமார் 70 ஆயிரம் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். ரப்பர் விதை சில வாரங்களில் உயிர் இழந்துவிடும். அதனால் முளைத்தவை 3 ஆயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை வெறும் 22 செடிகள்.

ரிட்லி வந்தபோது அந்த மரங்களை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அவர் மட்டும் மதித்தார். அவர் சிங்கப்பூர் வந்த அதே 1888-ல்தான் டன்லப் என்பவர் காற்று அடைத்த டயரைச் செய்தார். சைக்கிளும், பிறகு மோட்டாரும் உலகம் எங்கும் ஓடப்போகின்றன; அவற்றுக்கு ரப்பர் வேண்டும் அல்லவா!

பால் எடுக்கும் முறை

பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். காயம் ஆழமாகப் பட்டு மரம் கெட்டது.

ரிட்லி பொறுமையாகப் பல சோதனைகள் செய்தார். பால் இருப்பது பட்டையில்தான். ஆகையால் உள்மரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் சாய்வாகக் கீற வேண்டும். மறுமுறை புது இடத்தில் வெட்டக்கூடாது. பழைய கீறலின் ஓரத்திலேயே மெல்லிசாக ஒரு சீவல் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பால் முன்னைவிட அதிகமாக வந்தது. சீவிய இடத்தில் பட்டையும் மீண்டும் வளர்ந்தது. மீன் முள்ளைப் போல் நடுவில் ஒரு கோடு, இரு புறமும் சாய்ந்த கோடுகள். இதுதான் அவருடைய வெட்டு. விடியற்காலையில் பால் நன்றாக வடியும் என்பதையும் கண்டார்.

இனி யாராவது நட வேண்டும். அங்கேதான் தொல்லை!

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி பயிரிட்டு வந்தார்கள். ரப்பர் என்றால் முகத்தைச் சுளித்தார்கள். நட்டுவிட்டு ஐந்தாறு வருடம் யார் காத்திருப்பது?

ரிட்லி விடவில்லை. துரைமாரைக் கண்டால் அவர்கள் சட்டைப்பையில் ரப்பர் விதைகளைத் திணிப்பாராம். மனிதர் வருகிறார் என்றாலே ஒதுங்கினார்கள். பைத்தியக்காரர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

முதலில் துணிந்தவர் ஒரு சீனர். டான் சே யான் என்ற அவர், 1896-ல் மலாக்காவில் ரப்பர் தோட்டம் போட்டார். அடுத்த சில ஆண்டுகளில் பிரேசில் காப்பி குவிந்து, காப்பி விலை விழுந்தது. கேலி செய்த துரைமார் விதை கேட்டு ரிட்லியிடமே வந்தார்கள்!

1920-ல் உலகத்து ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவில் விளைந்தது.

பால்மரமும் தமிழரும்

அத்தனை பாலையும் எடுத்தது யார்? ரிட்லியின் கதையை எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயம் அல்ல.

நம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் பின்னால் கப்பல் ஏறிப் போனவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கியபோது மலேரியாக் காய்ச்சலில் மடிந்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள் லயத்து வீடுகளில் குடியிருந்து, இருட்டோடு எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போனார்கள். கூலியோ சொற்பம். ரப்பர் என்ற பெயர் அவர்கள் வாயில் பால்மரம் என்று ஆயிற்று. இன்றும் மலேசியத் தமிழர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ரிட்லியும் ரப்பரால் பணக்காரர் ஆகவில்லை. அவருக்கு வேறு வேலைகளும் நிறைய இருந்தன. ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற பெண்மணி கொண்டுவந்து காட்டிய ஆர்க்கிட் பூவை, புதிய கலப்பு இனம் என்று 1893-ல் எழுதியவர் அவரே. 1981-ல் சிங்கப்பூரின் தேசிய மலர் ஆனது அந்தப் பூதான். ஊர் திரும்பிய பிறகு மலாயாச் செடி கொடிகளைப் பற்றி 5 பாகங்கள் கொண்ட நூலையும் வெளியிட்டார்.

80 வயதைக் கடந்த பிறகுதான் அவருக்குக் கல்யாணம் நடந்தது! லண்டனில் கியூ தாவரத் தோட்டத்தின் அருகே குடியிருந்தார். நூறாவது பிறந்த நாளையும் பார்த்துவிட்டு, 1956 அக்டோபரில் காலமானார்.

ரப்பர் காய் முற்றினால் வெயிலில் பட்டென்று வெடிக்கும். உள்ளே மூன்று விதைகள். பளபளப்பாக, புள்ளி புள்ளியாக இருக்கும். கையில் கிடைத்தால் எந்தப் பிள்ளையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் விடாது.