உருக்குத் தட்டுப்பாட்டில் பிறந்த வண்டி: மொரிஸ் வில்க்ஸ்

பழைய ரேஞ்ச் ரோவர் பிரியர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சொகுசு இருக்கைகளை விட்டுவிட்டு எஞ்சினைப் பற்றியே சொல்வார்கள். அந்த வாகனத்தின் வேரைத் தேடிப் போனபோது, அது சந்தைக்கு வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்ட ஒரு பொறியியலாளரிடம் நான் வந்து சேர்ந்தேன். அவர் மொரிஸ் வில்க்ஸ்.

1904இல் இங்கிலாந்தில் பிறந்த வில்க்ஸ், அமெரிக்காவில் சில காலம் ஜெனரல் மோட்டோர்ஸில் வேலை பழகினார். 1930இல் ரோவர் கார் நிறுவனத்தில் சேர்ந்தார். நிறுவனத்தை நடத்தியவர் அவரது அண்ணன் ஸ்பென்சர். வசதியானவர்கள் வாங்கும் கார்களே அவர்களின் தொழில்.

இரண்டாம் உலகப் போர் அதைப் புரட்டிப் போட்டது. கொவென்ட்ரி நகர்மீது விழுந்த குண்டுகளில் ரோவர் தொழிற்சாலையும் சேதமடைந்தது. போருக்குப் பின் சொலிஹல்லில் தொழிலைத் தொடங்கியபோது உருக்கு கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்கு விற்கும் நிறுவனங்களுக்கே அரசு அதை அளந்து கொடுத்தது.

வேல்ஸின் அங்கிள்சித் தீவில் வில்க்ஸுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே அவர் பாவித்தது இராணுவம் கழித்துவிட்ட ஒரு ஜீப். அது தேய்ந்தால் மாற்றாக வாங்க வேறொன்று இல்லை என்பதிலிருந்தே லாண்ட் ரோவர் யோசனை பிறந்தது. 1947இல் முதல் மாதிரி உருவானது. உருக்குக்குப் பதில் உடலுக்கு அலுமினியக் கலவைத் தகடு. வளைக்க அச்சுகள் இல்லாததால் தட்டையான வடிவம். 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின். 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. இடைக்கால ஏற்பாடாக நினைத்த வண்டியே நிறுவனத்தைத் தாங்கியது.

காரின் சொகுசையும் இந்த வண்டியின் வலுவையும் சேர்க்க 1950களில் ரோட் ரோவர் என்றொரு முயற்சி நடந்து கைவிடப்பட்டது. 1963இல் வில்க்ஸ் காலமானார். அந்த எண்ணத்தை 1970இல் ரேஞ்ச் ரோவராக நிறைவேற்றியவர் அவரது மருமகன் முறையான ஸ்பென் கிங். அதற்குள் வைத்த 3.5 லீற்றர் வி8 எஞ்சின், அமெரிக்காவின் பியூக் கைவிட்டது. உரிமையை 1965இல் ரோவர் வாங்கியிருந்தது. அதுவும் அலுமினியத்தில் வார்த்ததுதான்.

அந்த எஞ்சினைப் பற்றிப் பிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பாரம் குறைவு, குறைந்த வேகத்திலும் இழுவை உண்டு, காபரேற்றரைக் கையாலேயே சரிசெய்யலாம் என்பது ஒரு பக்கம். பெற்றோலைக் குடிக்கும், எண்ணெய் கசியும், கவனிக்காவிட்டால் சூடேறும், அலுமினியத் தோலுக்குக் கீழே உருக்குச் சட்டம் துருப்பிடிக்கும் என்பது மறுபக்கம். இரண்டும் உண்மை. ஆனால் கணினி இல்லாமல் பிழையைக் கண்டுபிடிக்கலாம் என்பதற்காகவே பலர் அதைக் கைவிடுவதில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எளிமையான பழைய எஞ்சின்கள்தான் அன்று நோயாளிகளை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தன. வில்க்ஸ் ஒரு சொகுசு அடையாளத்தைத் தேடிப் புறப்பட்டவரல்ல. போர் மிச்சம் வைத்ததைக் கொண்டு, பழுதானால் திருத்தக்கூடிய ஒன்றைச் செய்தார். விலை உயர்ந்த வண்டிகளின் வரலாற்றில் நான் மதிப்பது அந்தத் தொடக்கத்தைத்தான்.